பொத்தான் டப்பா

பொத்தான் டப்பாவை உள்ளறைத் தரையில் கவிழ்த்த சத்தம் முன்னறைவரை கேட்டிருக்க வேண்டும். அங்கே அழுகை ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. மருமகள் எட்டு மாத வயிறு இடிக்காதபடி காலை அகட்டி உட்கார்ந்து, பொத்தான்களையும் கொக்கிகளையும் ஒதுக்கிவிட்டு, நடுவே மின்னிய வெள்ளித்தாள் துண்டுகளைப் பொறுக்கினாள்.

முன்னறையில் துணி வெட்டும் மேஜைமேல் மாமியாரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் ஆள் நீளத்துக்கு வேறு மேஜை கிடையாது. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மூட்டையாகக் கட்டி வாசல் பக்கம் தள்ளியிருந்தார்கள்.

மாமியாருக்கு எதையும் நறுக்கி வைத்தால்தான் நிம்மதி. மாத்திரை அட்டை வாங்கி வந்ததும் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, பொத்தான்களோடு போட்டுவிடுவாள். தையலை நிறுத்தாமல் இடது கையால் துழாவி எடுக்க அதுதான் வசதி. மருந்தின் பெயர் துண்டு துண்டாகிப் போவது அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மருமகளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"நிமிரவே முடியல அத்தை. கொஞ்ச நேரம் படுத்து எந்திரிக்கட்டுமா?"

"தாராளமா படு. ஸ்கூல் திறக்கறப்ப புள்ளைங்க அம்மணமா போகட்டும்." மாமியார் டப்பாவைத் துழாவி, ஒரு மாத்திரையை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "முழுங்கு."

"டாக்டரம்மா காய்ச்சல் மாத்திரையைத் தவிர எதுவும் கூடாதுன்னாங்க."

"இதுவும் காய்ச்சல் மாத்திரைதான். உங்க டாக்டரம்மா எந்த மிஷினை மிதிச்சா? நான் ரெண்டு புள்ளையையும் வயித்துல வச்சுக்கிட்டு மிதிச்சவ."

அன்றிலிருந்து காலை ஒன்று, மாலை ஒன்று. முதுகு அடங்கியது, மிஷின் ஓடியது. டப்பாவில் குறைந்தபோதும் மாமியார் முதலில் மருமகளுக்குத்தான் உரித்துக் கொடுத்தாள். அதை அக்கறை என்பதா, வேலை வாங்குவது என்பதா என்று மருமகளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

நேற்றுக் காலை மாமியார் மிஷின்மேலேயே சாய்ந்தாள். வாந்தி முதலில் காப்பித்தூளைக் கரைத்ததுபோல வந்தது, பிறகு சிவப்பாக. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "ரொம்ப வருஷமா வலி மாத்திரை சாப்பிட்டாங்களா? வயிறு புண்ணாகி ரத்தம் கொட்டியிருக்கு" என்றார். மருமகளின் கணவன் தலையாட்டினான். டாக்டர் பக்கத்தில் நின்ற மருமகளின் வயிற்றைப் பார்த்தார். "நீங்க அந்த மாத்திரைப் பக்கமே போயிடாதீங்கம்மா." போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மிஷின் சத்தத்துக்கு ஈடாக உதைக்கிற பிள்ளை. இன்று காலையிலிருந்து ஒரே ஒருமுறைதான் புரண்டது.

அவள் சட்டைக் காலரின் இரு பாதிகளைச் சேர்ப்பதுபோல வெள்ளித்தாள்களின் ஓரங்களைப் பொருத்தினாள். நான்காவது துண்டு சேர்ந்ததும் பெயர் வந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பெயர் அது இல்லை.

கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பொணத்தை நடுவீட்டுல வச்சுக்கிட்டு என்னடி பொறுக்கிட்டிருக்க?"

"அக்கா, நான் இப்பவே டாக்டர்கிட்ட போகணும். அத்தை எனக்குக் குடுத்தது..."

"எங்கம்மா உனக்கு என்ன குடுத்தா? விஷமா?"

மருமகள் வெள்ளித்தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். முன்னறைக்குப் போனபோது, மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் வந்து மேஜையோரம் கைகட்டி நின்றிருந்தார். அவள் அவர் முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

"அண்ணே, இது என்ன மாத்திரை?"

அவர் குனிந்து பார்த்தார். "வலி மாத்திரை. அம்மா முட்டிக்கு வாங்குவாங்களே, அதும்மா."

"காய்ச்சல் மாத்திரை இல்லையா?"

"இல்லையே. ஏம்மா, நீ எதுவும்..." அவர் பார்வை அவள் வயிற்றுக்கு இறங்கியது. "தனக்குன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. மாசமா இருக்கறவளுக்குன்னா நான் குடுத்திருக்கவே மாட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாது."

துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்றாள் நாத்தனார். "வாயில்லாதவ மேல பழி போடறா. ஏன்டி, நீ என்ன பச்சக் குழந்தையா, குடுத்ததையெல்லாம் முழுங்க? அவ உயிரோட இருந்தப்ப இதைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். காய்ச்சல் மாத்திரைன்னாங்க."

"பொய்யி!"

"உங்கம்மாவையே கேளுங்க. அங்கதான் படுத்திருக்காங்க."

சொல்லியிருக்கக் கூடாதுதான். யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாத்தனார் கை ஓங்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஒருத்தி குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"அம்மாவை எடுக்க வண்டி வர்றதுக்குள்ள வாசலைத் தாண்டினே, அப்படியே உங்கப்பன் வீட்டுக்குப் போயிடு!"

மருமகள் கணவனைப் பார்த்தாள். துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அம்மாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். அக்காவைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். பிறகு நடந்துபோய், வாசலை அடைத்துக் கிடந்த சீருடை மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரம் தள்ளினான்.

அவள் அந்த இடைவெளி வழியாக வெளியே போனாள்.

வெள்ளித்தாள் துண்டுகளைப் பார்த்ததும் டாக்டரம்மா திட்டுவாளென்றுதான் எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை நகர்த்தி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிர் இருக்கா டாக்டர்?"

"இருக்கு. துடிப்பு நல்லாருக்கு. கொஞ்சம் பொறுங்க, குழந்தை நெஞ்சுல ரத்தக்குழாய் ஒண்ணைப் பாக்கணும், இந்த மாத்திரையால அது மூடிக்கலாம்." நெடுநேரம் பார்த்தாள். "அதுவும் மூடிக்கலை. ஆனா குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணி குறைஞ்சிருக்கு. அஞ்சு மாசக் கர்ப்பத்துக்கு மேல இந்த மாத்திரை போட்டா குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிக்கும், தண்ணி வத்தும். இன்னியோட நிறுத்திட்டா தண்ணி ஊறும், பெரும்பாலும். நாளன்னிக்கு வாங்க, மறுபடி பாத்துட்டுத்தான் எதையும் சொல்லுவேன். நடுவுல அசைவு நின்ன மாதிரி இருந்தா உடனே ஓடி வந்துடணும்."

"அப்ப வலிச்சா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடங்கன்னு நான் சொல்லலையே. காய்ச்சல் மாத்திரையை வலிக்கும் போடலாம். ஆனா அட்டையோட கொண்டுவந்து என்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. மிஷின் பக்கம் போகாதீங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

திரும்பி வந்தபோது முன்னறை காலியாக இருந்தது. ஆண்கள் சுடுகாட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மேஜையைக் கழுவிவிட்டிருந்தார்கள், அதன் கால்களின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. நாத்தனார் உள்ளறையில் மாமியாரின் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டைப் பை அப்படியே இருந்தது.

போ என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மருமகள் சுவரோரம் பாயை விரித்து, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

"என்ன சொன்னா உங்க டாக்டரம்மா?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். அசையுதா?"

அப்போது விலாவுக்குக் கீழே ஏதோ மெல்ல முட்டியது. நின்று, இன்னொருமுறை முட்டியது. மருமகள் போர்வையை வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

நாத்தனார் கொஞ்ச நேரம் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் விழுந்து சத்தமிட்டது. வெள்ளித்தாள் துண்டு ஒன்று அகப்பட்டபோது அவள் கை நின்றது. அதை டப்பாவில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் அடுத்த துண்டைத் தேடினாள்.