கொல்லைத் தளத்துக்கு ஒரு ட்ரையல்

கடையை மூடிவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து டெய்லரின் டேப்புக்குத் தப்பித்த பொருள் அந்த வீட்டில் மிகக் குறைவு. கதவு, ஜன்னல், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, வாசலில் படுத்துத் தூங்கும் தெருநாய் எல்லாவற்றையும் அளந்து தீர்த்துவிட்டார். மார்பளவு எடுத்தபோது நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று மறுபடி மூடிக்கொண்டது. குளிக்கும்போதுகூட அவர் டேப்பைக் கழற்றுவதில்லை என்று மச்சான்காரன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அது அபாண்டம். குளிக்கும்போது கழற்றிக் குழாயில் மாட்டிவைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கொல்லைப்புறத்தில் ஒரு தளம் போடப்போகிறேன் என்று கிளம்பினார்.

"நாலு பேர் வந்தா காத்தாட உக்கார வேண்டாமா?" என்று காரணம் சொன்னார். அது வெளித்துணி. உள்ளே வைத்துத் தைத்த லைனிங் வேறு.

சமையலறைக் கதவைத் தாண்டி இரண்டு படி இறங்கினால் கொல்லை. வெறும் மண் தரை, ஒரு கொய்யா மரம், மதிலோரம் துணி காயப்போடும் கம்பிக்கொடி. போன மழைக்காலத்தில், நனையப்போன துணியை அள்ள ஓடிய அவர் மனைவி அந்த மண்ணில் வழுக்கி விழுந்தார். தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பில் விரிசல். சில மாதம் படுக்கை. பிறகு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்பு முன்னைவிடக் கெட்டியாக ஒட்டியிருக்கிறது, தாராளமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். டெய்லரம்மாவும் தாராளமாகத்தான் நடந்தார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக அவர் நடந்த நடையை நீட்டிப் போட்டால் பக்கத்து நாட்டுத் தலைநகர் வந்துவிடும். ஆனால் கொல்லைக் கதவின் நிலைப்படி வந்ததும் கால் நின்றுவிடும். கை கதவைப் பிடித்துக்கொள்ளும். "அங்க எனக்கென்ன வேலை?" என்று திரும்பிவிடுவார்.

துணி காயப்போடும் வேலை டெய்லர் தலையில் விழுந்தது. ஜன்னலில் நின்றபடி உத்தரவு மட்டும் வரும்.

"சட்டையைத் தோள்ல கிளிப்பு போட்டுத் தொங்க விடாதீங்க. தோள் தச்சே காலத்தை ஓட்டின மனுஷன்தானே நீங்க?"

"வந்து நீயே போடேன்."

"எனக்கு இங்க வேலை கிடக்கு."

அவள் மறுபடி அந்த மண்ணைக் கடந்து கொடிவரைக்கும் வரவேண்டும். டெய்லர் மனதில் இருந்தது இது ஒன்றுதான். இதை நேராகச் சொன்னால் எனக்கென்ன பயமா என்று ஆரம்பித்து, அன்று முழுக்கப் பாத்திரங்கள்தான் பதில் பேசும். ஆகவே நாலு பேர், காற்று என்று சுற்றி வளைத்தார்.

முதலில் மேஸ்திரி வந்தார். வெற்றிலை பாக்கு எதுவும் போடாத, ஆனால் எப்போதும் எதையோ மெல்லுகிற மாதிரியே தாடையை அசைக்கும் மனிதர்.

"எவ்வளவு பெருசா போடலாம்னு இருக்கீங்க சார்?"

"முப்பதுக்கு இருபத்தஞ்சு."

மேஸ்திரி கொல்லையை ஒருமுறை பார்த்தார். "கொல்லையே இருபது அடிதானே இருக்கு. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் குடுக்கறாரா?"

"தாராளமா லூஸ் விட்டு வெட்டணும் மேஸ்திரி. பின்னாடி பிடிச்சுக்கலாம்."

"இது பேண்ட்டு இல்ல சார், பிடிக்கறதுக்கும் பிரிக்கறதுக்கும். கலவை போட்டா போட்டதுதான்."

அடுத்து மச்சான் வந்தான். டெய்லரம்மாவின் தம்பி, டைல்ஸ் கடை வைத்திருப்பவன். கையோடு ஒரு மாதிரிக் கல் கொண்டுவந்து மண்ணில் வைத்தான். அது பளபளத்த பளபளப்பில், மேலே பறந்துபோன காக்கை இறங்கிவந்து இரண்டு பக்கமும் திரும்பி அழகு பார்த்துவிட்டுப் போயிற்று.

"இதான் மாமா இப்போ எல்லாரும் போடறாங்க. அக்கா வீடாச்சேன்னு அடக்க விலைக்குத் தரேன்."

"உன் அடக்க விலை எனக்குத் தெரியும்டா. போன தடவை குளியலறைக்குக் குடுத்தியே, அதுக்கப்புறம்தான் நீ புது வண்டி வாங்கின."

இருந்தாலும் டெய்லருக்கு ஆசை விடவில்லை. சாட்டின் துணி மாதிரி மின்னுகிறதே என்று தடவித் தடவிப் பார்த்தார். ஜல்லி, மணல், சிமெண்டு, கல், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். வந்த தொகைக்கு ஒரு சின்னக் கப்பலை வாங்கிக் கொல்லையில் நிறுத்தி, அதன் மேல்தளத்தில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். மேஸ்திரியே தாடையை அசைப்பதை நிறுத்திவிட்டார்.

"இருங்க, இருங்க" என்றார் டெய்லர். "ட்ரையல் பாக்காம நான் யாருக்கும் கோட்டு தச்சதில்ல. தளத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

அன்று சாயங்காலமே தையல் மிஷினைத் தூசி தட்டினார். பழைய படுக்கை விரிப்புகள், கடையில் மிஞ்சிய லைனிங், கோட்டுத் துண்டுகள், வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டுப்போன துணிகள், கையில் கிடைத்தது எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து அடித்தார். நடுவில் வைக்க ஒரு நல்ல துணி தேவைப்பட்டது. பீரோவின் அடித்தட்டைக் குடைந்தபோது, பாச்சை உருண்டை வாசனையோடு கெட்டியான துணி ஒன்று அகப்பட்டது. வெள்ளையில் நீலப்பூ. அதையும் வெட்டி நடுவில் சேர்த்தார். மிஷின் ஓடிய ஓட்டத்தில் கூடத்துச் சுவரே தந்தியடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையில் தளம் விரிந்தது. மூலைக்கு ஒரு செங்கல் வைத்துச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். நாற்காலிகளைப் பரப்பினார். டெய்லரம்மா வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோய் நட்டநடுவில், நீலப்பூவின்மேல் வைத்தார். மேஸ்திரியும் மச்சானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியில் கால் வைத்தார்கள். மூன்று ஆம்பளைகளும் டீயும் கையுமாக உட்கார்ந்து, கல்யாணத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் வந்து பாரேன். அளவு சரியா இருக்கான்னு சொல்லு" என்று டெய்லர் குரல் கொடுத்தார்.

கதவைப் பிடித்தபடி நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார் டெய்லரம்மா. "இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

"வந்து உக்காந்து பாத்தாத்தானே..."

"தெரியுதுங்கறேன்ல."

டெய்லர் டீக் கோப்பைக்குள் பார்த்தார். இத்தனை தையலும் இதற்காகத்தான். கல்லையும் சிமெண்டையும் கொட்டி நிஜமாகவே போட்டாலும் அவள் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், நாம் இங்கே காலி நாற்காலிக்குக் காற்று வாங்கித் தரவேண்டியதுதான் என்று தோன்றியபோது, டீ ஆறிப்போனது மாதிரி இருந்தது.

"ஏங்க" என்று குரல் வந்தது. "நடுவுல அது என்ன, நீலப்பூ?"

"எது?"

"என் நாற்காலிக்கு அடியில."

"அதுவா? நல்ல கெட்டித் துணி. பீரோ அடியில கிடந்துச்சு. எவனோ தைக்கக் குடுத்துட்டு வாங்காமப் போயிருக்கான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனம் மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காலிரண்டையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டான்.

"எவனோ இல்ல" என்றார் டெய்லரம்மா. "நான்தான் குடுத்தேன். கூடத்து ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லி."

டெய்லரின் கை தானாகக் கழுத்து டேப்பைத் தேடியது.

"பன்னண்டு வருஷம் ஆச்சு. நாளைக்குத் தைக்கறேன், நாளைக்குத் தைக்கறேன். ஊர்ல இருக்கற ஜன்னலுக்கெல்லாம் திரை தச்சீங்க. சலூன்காரருக்குத் தச்சீங்க. அவர் கண்ணாடிக்குக்கூடத் தச்சீங்க. நம்ம ஜன்னல்ல இன்னைக்கும் கிழிஞ்ச போர்வை தொங்குது."

கதவைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் கால் நிலைப்படியைத் தாண்டி முதல் படியில் இருந்ததை டெய்லர் பார்த்துவிட்டார். மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். வா என்று சொன்னால் நின்றுவிடுவாள். பத்திரம் என்று சொன்னால் திரும்பிவிடுவாள். என்ன சொன்னால் இன்னும் ஓர் அடி வைப்பாள் என்று அந்த மனுஷனுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"பன்னண்டு இருக்காது" என்றார். "பத்துதான் இருக்கும்."

"பத்தா?" இரண்டாவது படி. "இவன் டைல்ஸ் கடை வச்ச வருஷம் வாங்கினது. கேளுங்க அவனை." கால் மண்ணில் பட்டது.

மச்சான் அக்காவின் காலையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. "எனக்கு ஞாபகம் இல்லையே அக்கா" என்றான், பச்சைப் பிள்ளை மாதிரி.

"உனக்கு எது ஞாபகம் இருக்கு, டீ வேளையைத் தவிர?" நாலு அடி. துணியின் விளிம்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஒருத்தர் அளப்பார், ஒருத்தன் அளப்பான், நடக்கறது ஒண்ணுமில்ல."

அங்கே வேகம் தணிந்தது. திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துகொண்டிருந்தது. பாதி வழியில் எஞ்சின் நின்றுவிடுமோ என்று டெய்லருக்கு வேர்த்துவிட்டது. தியாகிகள் வரிசையில் தன் பெயரையும் எழுதிக்கொண்டு, கண்ணை மூடிச் சொன்னார்:

"வெட்டும்போது கொஞ்சம் வீணாப் போயிடுச்சு."

"வெட்டினீங்களா?"

அடுத்த நொடி டெய்லரம்மா நீலப்பூவின்மேல் நின்றார். குனிந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த கோட்டுத் துண்டைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், எதற்கோ திரும்பினார். கதவு தூரத்தில் இருந்தது.

முகம் மாறிவிட்டது. கை நாற்காலி முதுகைத் தேடிப் பிடித்தது. மூன்று பேரும் அசையவில்லை. மேஸ்திரியின் தாடைகூட நின்றுவிட்டது.

"இவ்வளவு தூரம் எப்படி வந்தேன்?"

"நடந்துதான்" என்றார் டெய்லர், மெதுவாக.

டெய்லர் கை நீட்டினார். டெய்லரம்மா அதைப் பிடிக்கவில்லை. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, கைப்பிடியில் அழுத்தி, உட்கார்ந்துகொண்டார். கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்தார். மதிலைப் பார்த்தார். மூச்சு சீரானதும் கொடியில் தோளில் கிளிப்போடு தொங்கிய சட்டைகளைப் பார்த்தார்.

"கேவலமா காயப்போட்டிருக்கீங்க" என்றார்.

அதற்குப் பிறகு தளத்தின் கணக்கு அந்தப் பிரம்பு நாற்காலியிலிருந்து நடந்தது.

"எதுக்கு இவ்வளவு பெருசு? நம்ம வீட்டுக்கு வர்றது இவன் ஒருத்தன்தான். கதவுலேருந்து கொடி வரைக்கும் நாலடி அகலத்துக்கு ஒரு பாதை. கொடிகிட்ட நாலு நாற்காலி போடற மாதிரி ஒரு சதுரம். மீதி மண்ணு கொய்யாவுக்கு இருக்கட்டும்."

டெய்லர் சாக்பீஸை எடுத்துத் துணியின்மேல் கோடு கிழித்தார். முக்கால் தளம் கோட்டுக்கு வெளியே போயிற்று.

"கல்லு?" என்றான் மச்சான், ஆசையோடு.

"அந்தக் கல்லுல ஒரு சொம்புத் தண்ணி ஊத்து. இப்போ நீ அதுல ஏறி நில்லு."

ஏறினான். ஒரு கால் கிழக்கே போயிற்று, மற்றக் கால் மேற்கே போயிற்று, மச்சான் கொய்யாக் கிளையில் தொங்கினான். டெய்லர் அந்த மினுக்கும் கல்லைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சாட்டின் ஆசை அந்த இடத்திலேயே செத்தது.

"சொரசொரன்னு இருக்கற சிமெண்டுக் கல்லு போடுங்க மேஸ்திரி" என்றார் டெய்லரம்மா.

புதுக்கணக்கில் கப்பல் படகாகி, படகு துடுப்பாகி, கைக்கு எட்டும் தொகையில் வந்து நின்றது. மேஸ்திரி நிம்மதியாக மெல்லத் தொடங்கினார்.

"ஒரு ஓரத்துல கைப்பிடிக் கம்பி போட்டா..." என்று இழுத்தார் டெய்லர்.

"எனக்கெதுக்குக் கைப்பிடி?"

"உனக்கில்ல. எனக்கு. வயசாகுதில்ல."

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்றார் டெய்லரம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை. கதவையும் மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

"மேஸ்திரி, பாதைக்கு நூல் கட்டிப் பாத்துடலாமே" என்றார் டெய்லர்.

மேஸ்திரி மஞ்சள் நூலைக் கொடிக் கம்பத்தில் முடிந்து கதவு நிலைவரை இழுத்தார். தரையோடு கட்டப் போனவரை, "மேல, மேல" என்று டெய்லர் கண்ணால் உயர்த்தினார். ஒரு பூனைக்குட்டி சாய்ந்தாலும் அறுந்துவிடும் நூல் அது.

டெய்லரம்மா எழுந்தார். "அந்தத் திரை" என்றார் போகும்போது.

"நாளை..." என்று ஆரம்பித்த டெய்லர் விழுங்கிக்கொண்டார். "இன்னைக்கே பிரிச்சுத் தச்சுடறேன். நடுவுல ஒரு ஒட்டு விழும்."

"விழட்டும். கேக்கறவங்ககிட்ட ஏன்னு சொல்றேன்."

நடந்தார். இரண்டாவது அடியில் கை தானாகப் போய் நூலின்மேல் உட்கார்ந்தது. சாயவில்லை, இழுக்கவில்லை, வெறுமனே வைத்திருந்தார். டெய்லர் பக்கத்திலேயே நடந்தார். நடுவழியில் சத்தமில்லாமல் குனிந்து, தரையிலிருந்து அந்தக் கைவரைக்கும் டேப்பைப் பிடித்தார்.

"முப்பத்தி நாலு" என்றார் மேஸ்திரியிடம், வாய்க்குள்ளேயே.

டெய்லரம்மா நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அரை இன்ச்சு கூட்டி வைங்க" என்றார், முதல் படியில் கால் வைத்தபடி. "செருப்பு போட்டுட்டுத்தானே வருவேன்."