நாற்பத்தொன்றாம் எண் ஷட்டர்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், ராய்ஸ் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பைப் படித்தேன். 'நாற்பத்தொன்று. பூட்டு இல்லை. நம் பூட்டைப் போட்டேன். காலை எட்டு மணி.' சாமான் வைக்க அறைகளை வாடகைக்கு விடும் எங்கள் கிடங்கை என் விடுமுறை நாளில் பார்த்துக்கொள்ள வருகிறவர் ராய்ஸ். வரிசை வரிசையாக நடந்து, பூட்டில்லாத ஷட்டர் கண்ணில் பட்டால் கம்பெனியின் சிவப்புப் பூட்டைப் போடுவார். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். வாடகைக்கு அறை எடுத்தவர்கள் சாமானை அடைத்துவிட்டுப் பூட்ட மறந்து போவது இந்தத் தொழிலில் சகஜம். ஆனால் நாற்பத்தொன்று கர்டிஸுடையது.

போன வியாழக்கிழமை கர்டிஸ் தன் பழைய காரை நண்பனின் வண்டியில் கட்டி இழுத்து வந்து நின்றான். இஞ்சினைக் குளிர வைக்கிற வாட்டர் பம்ப் போய்விட்டது. அவன் வேலை பார்க்கிற கோழி ஆலை நாற்பது மைலுக்கு அப்பால். எங்கள் ஒக்லஹோமாவில் அந்தப் பக்கம் பஸ் என்ற பேச்சே கிடையாது. அவன் குடியிருப்பு வாசலில் பானெட்டைத் திறந்தால் நிர்வாகத்தார் வண்டியையே தூக்கிப் போய்விடுவார்கள். மெக்கானிக் பத்து நாள் கழித்து வா என்றானாம். ஆலையில் மூன்று நாள் தலை காட்டாவிட்டால் நான்காம் நாள் போக வேண்டிய அவசியமே இருக்காது. வியாழனும் வெள்ளியும் ஏற்கெனவே கணக்கில் விழுந்தாயிற்று.

"மிஸ் வெர்னா, ஒரே ஒரு பம்ப். என் அறைக்குள்ளயே வச்சு மாட்டிடறேன். திங்கக்கிழமை காலைல நான் ஆலைல நிக்கணும்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டியே, படிச்சியா? உள்ள வண்டிய நிறுத்தலாம், ஸ்பேனரத் தொடக்கூடாது."

"அதெல்லாம் எவன் படிக்கிறான்? நீங்க படிச்சிருக்கீங்களா?"

வேலைக்குச் சேரும்வரை நானும் படித்ததில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான் என் வீடு. இந்த வேலை போனால் அன்றைக்கே அதையும் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? வரிசைக்கு ஒரு கேமரா வேறு. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பகிரங்கமாகச் செய்துகொள் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாமல், பெரிய புத்திசாலி மாதிரி வேறொன்று சொன்னேன்.

"நான் எதையும் பாக்கல. ஷட்டர இறக்கி விட்டுக்க. கால் சத்தம் கேட்டா அப்படியே அசையாம இரு. உள்ள இஞ்சின மட்டும் ஓட்டித் தொலைக்காத, புகையிலயே செத்துப்போவ."

கடைக்காரன் கொடுத்த பம்ப் பொருந்தவில்லை, மாற்ற வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் கர்டிஸ் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து முடித்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ராய்ஸிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கேட் பதிவைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்று, உள்ளே, காலை ஏழு பத்து. வெளியே போனதாக ஒன்றும் இல்லை. மணி இப்போது ஒன்றரை.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் ஓடிப் பல வருடம் ஆகிறது. வரிசையில் தேங்கிய தண்ணீர் இன்னும் பனிக்கட்டியாகவே கிடந்தது. இந்த ஷட்டர்களுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, வெளியே பூட்டிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. தகரத்துக்குள் போனிலும் சிக்னல் வராது. கர்டிஸ், கர்டிஸ் என்று கத்தினேன். பதில் இல்லை. சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

ஷட்டரைத் தூக்கினேன். பானெட் திறந்திருந்தது. கார் பின் சீட்டில், சாமான் மூட்டையிலிருந்து உருவிய திரைச்சீலைகளைச் சுற்றிக்கொண்டு கர்டிஸ் சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறந்தான்.

"காபி இருக்கா, மிஸ் வெர்னா?"

"ஹாரன் அடிக்க வேண்டியதுதானேடா, கழுதை! கையெட்டுற தூரத்துல இருக்கே! ஷட்டரத் தட்டிக்கூடவா பாக்கல?"

"அடிச்சா ராய்ஸ் ஓடி வந்திருப்பார். வந்தா நேரா கம்பெனிக்குப் போன் போடுவார். அப்புறம் நீங்க எங்க போவீங்க? அதான், உங்க நடைச்சத்தம் வரட்டும்னு இருந்தேன்."

அவனை அறையலாம் போலிருந்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. எனக்காக ஐந்தரை மணி நேரம் இருட்டில் விறைத்துக் கிடந்திருக்கிறான். நானோ அவனுக்காக ஒரு வார்த்தை ராய்ஸிடம் பேசவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் காபியைக் குடிக்க வைத்தேன். விரல்களில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட்டான்.

"இன்னும் என்ன மிச்சம்?"

"நாலு போல்ட்டு, ஒரு பெல்ட்டு. அரை மணி நேரம்."

அறைக்குத் திரும்பியதும் ஷட்டர் கயிற்றைப் பிடிக்கப் போனான்.

"அத விடு. தொறந்தே இருக்கட்டும்."

"கேமரா இருக்கு, மிஸ் வெர்னா."

"எனக்குத் தெரியாதா? வேலையப் பாரு."

தேவாலயத்துக்குப் போட்டுப்போன கோட்டோடு ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச்சை வாங்கிக்கொண்டேன். இரண்டு போல்ட் ஆகியிருக்கும். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளை வண்டி மெதுவாக எங்கள் வரிசைக்குள் திரும்பியது. கம்பெனி வண்டியா, வாடகைக்கு அறை எடுத்த யாருடையதோவா என்று தெரியவில்லை. கர்டிஸின் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாத" என்றேன். வண்டி எங்கள் அறை வாசலுக்கு வந்தது; அதன் நிழல் என் முதுகைத் தாண்டி உள்சுவரில் பெரிதாக விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் டார்ச்சை அவன் விரல்கள் மேல் பிடித்துக்கொண்டிருந்தேன்.