சமர்த்து

சாவு வீட்டுக் கூடத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பட்டாசு மட்டும் மூலையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். செத்துப்போனது அவளுடைய அம்மா. ஓவிய டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பட்டாசு என்பது இரண்டாம் வகுப்பு வைத்த பெயர். யாராவது அவள் ரப்பரைத் தொட்டால் போதும், பள்ளிக்கூடத்தையே இரண்டாக்கிவிடுவாள். அவளை வழிக்குக் கொண்டுவந்தவர் டீச்சர்தான். கோபமோ அழுகையோ வந்தால் கண்ணை மூடு, மூச்சை மெதுவாக விடு, பிறகு அதற்கு ஒரு நிறம் கொடு. இவ்வளவுதான் வித்தை. அழாமல் இருந்த நாளெல்லாம் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார். மூச்சும் நிறமும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தந்தவை; நட்சத்திரம் மட்டும் டீச்சரின் சொந்தச் சரக்கு. பட்டாசு நமுத்துப்போச்சு என்று ஆசிரியர்கள் அறையில் சிரித்தபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஒரு பொட்டு கண்ணீர் இல்ல டீச்சர்," என்றாள் பட்டாசின் அத்தை, குரலைத் தாழ்த்தாமலே. "பெத்தவ போயிட்டா, இது படம் போட்டுக்கிட்டு கெடக்கு. கல்லு நெஞ்சு."

டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாள் முழுக்க ஒரே பச்சை. அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் நடுவில் கிழிந்திருந்தது.

"காலையிலேருந்து அழவே இல்ல டீச்சர். மூச்சு விட்டு விட்டு பாத்தேன், போகவே மாட்டேங்குது. ஆனா அழல." புறங்கையை நீட்டினாள்.

டீச்சர் நட்சத்திரம் எடுக்கவில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "இன்னைக்கு அழலாம்டா."

"அப்போ நீங்க சொன்னது?"

"நான் சொன்னது தப்பும்மா."

பட்டாசு யோசித்தாள். "அப்பா பயந்துடுவாரு டீச்சர். நான் சமத்தா இருந்தாதான் அவரும் சமத்தா இருப்பாரு."

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அதுவரை மரம் மாதிரி இருந்த அப்பாவின் காதில் அது விழுந்தது. முகம் கோணிக்கொண்டது. வாயைக் கையால் பொத்தியும் அடங்கவில்லை. கூடத்தில் இருந்த மற்ற அழுகையெல்லாம் அவர் குரலுக்கு வழிவிட்டு நின்றுபோயின.

பட்டாசு எழுந்தாள். உதடு துடித்தது. ஆனால் அவரிடம் ஓடவில்லை. டீச்சர் பக்கம் திரும்பி, வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்பதுபோல ஒரு விரலை உயர்த்தினாள்.

"போகட்டுமா டீச்சர்?"

போ என்று சொல்ல டீச்சருக்குக் குரல் எழும்பவில்லை. தலையைத்தான் ஆட்ட முடிந்தது. பட்டாசுக்கு அது போதவில்லை. டீச்சர் வாயால் சொல்லட்டும் என்று, தூக்கிய விரலை இறக்காமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நின்றாள்.