மலையேறிய பீச் மரங்கள்

மார்ச் ஒன்பதாம் தேதி விவசாயி எவான்தியாவின் நானூற்றுப் பன்னிரண்டு பீச் பழ மரங்களும் வெர்மியோ மலையை நோக்கி நடக்கத் தொடங்கின. ஒரு நாளைக்கு நூறடி. வேர்மண்ணையும் அள்ளிக்கொண்டு, வரிசை கலையாமல் போயின. அந்த வாரம் டீசல் விலை ஏறியிருந்ததால் ஊரார் முதலில் அதைத்தான் பேசினார்கள்.

முந்தைய நாள்தான் வங்கி அவளுக்குக் கடன் இல்லை என்றிருந்தது. சமவெளியில் குளிர்காலம் வருடா வருடம் சுருங்கியது. குளிர் போதாமல் மரங்கள் அரைகுறையாகப் பூத்தன. தண்ணீரும் குறைந்ததால் சொட்டுநீர்க் குழாய் போட அவள் கடன் கேட்டாள். வங்கிக்கு வெப்ப வரைபடம் ஒன்று வந்திருந்தது. அதில் அவள் நிலம் சிவப்பு. சிவப்புக்கு நீண்டகாலக் கடன் கிடையாது.

"குழாய் போட்டா மரம் பிழைக்கும்னு எனக்கும் தெரியுது எவான்தியாம்மா," என்றான் வங்கி அதிகாரி அரிஸ்தோஸ். "ஆனா பிழைக்கிற மரத்துக்குத்தான் கடன் கொடுக்கணும்னு மேல சொல்றாங்க."

ஐம்பத்து நான்கு வயதில் எவான்தியா மரங்களுக்குப் பின்னால் நடந்தாள். கையில் கிளை வெட்டும் கத்தரி, பையில் ரொட்டியும் ஆலிவும். உட்கார்ந்தால் கால் குறுகுறுத்தது. வீட்டுக்குப் போனால் மனம் நிற்கவில்லை. மரங்கள் நெடுஞ்சாலையைக் கடக்க நான்கு நாள் ஆயிற்று. போலீசார் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். ஜூலையில் பழம் பறிக்க வந்தவர்கள் காலையில் சாத்திய ஏணியை மாலையில் நகர்த்திச் சாத்தினார்கள். நவம்பரில் மரங்கள் மேய்ப்பன் ஸ்டெர்யோஸின் மேய்ச்சல் நிலத்தில் போய் நின்றன.

"என் ஆடு எங்கே மேயும்? உன் மரத்தைக் கூட்டிட்டுப் போ."

"நான் சொன்னா கேக்குதாக்கும்? நீயே சொல்லிப் பாரு."

அவன் சொல்லிப் பார்த்தான். ஒரு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மரங்கள் வயிறார உறைந்தன. ஏப்ரலில், ஏழு வருடமாக அவள் பார்த்திராத அளவுக்குப் பூத்தன. ஆடுகள் மர நிழலில் படுக்கப் பழகின. ஸ்டெர்யோஸுக்கும் வங்கி கடன் மறுத்திருந்தது. ஆடுகள் விடும் வாயு வானத்தைச் சூடாக்குகிறதாம். அவனிடம் வரைபடத்தில் பச்சையாக இருந்த நிலம் இருந்தது, அவளிடம் மரம் இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போட்டார்கள்.

அரிஸ்தோஸ் மேலே வந்து மரங்களை எண்ணினான். விண்ணப்பத்தில் 'பருவநிலைக்கேற்ப எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில், 'ஏழு கிலோமீட்டர்' என்று எழுதிக் கையெழுத்திட்டான். கடன் வந்தது. குழாய்களை மட்டும் நீளம் மிச்சம் விட்டுப் போட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு மார்ச்சிலும் மரங்கள் இன்னும் கொஞ்சம் ஏறின. எவான்தியா சமவெளி வீட்டைப் பூட்டிவிட்டு, சக்கரம் வைத்த கொட்டகைக்குக் குடிபோனாள்.

நான்காம் வருடம் அரிஸ்தோஸ் விடுமுறை நாளில், கோப்பு எதுவுமில்லாமல் வந்தான். அவனுடைய அப்பாவின் செர்ரித் தோப்பும் சிவப்பில்தான் இருந்தது. வெகுநேரம் காப்பிக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"கடன் இல்லைன்ன அன்னைக்கு மரங்ககிட்ட அப்படி என்னதாம்மா சொன்னீங்க?"

"மறைக்காம உள்ளதைச் சொன்னேன். நமக்குக் கடன் கிடையாதாம்னு."

அவன் இறங்கிப் போய் அப்பாவின் மரங்களுக்கு நடுவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வங்கியின் முடிவைத் தெரிவித்தான். செர்ரிகள் வியாழக்கிழமை கிளம்பின.