மூன்றாவது பட்டன்

தையல்காரியின் கண்ணுக்குத் தப்பும் நூல் கிடையாது. புருஷனின் சட்டையை மடிக்கும்போது மூன்றாவது பட்டனில் அவள் கை நின்றுவிட்டது. அவள் எப்போதும் இரண்டு கோடாகத்தான் தைப்பாள். இதுவோ பெருக்கல் குறி மாதிரி இருந்தது. போட்ட சட்டையில் பட்டன் தைக்க ஒருத்தி அவன் நெஞ்சுக்கு எவ்வளவு கிட்டே நின்றிருக்க வேண்டும்? அன்று முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையல் மிஷின் சும்மா கிடந்தது.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "இது யாரு தைச்சது?"

"நான்தான். நாள் பூரா தைக்கிறவளுக்கு வீட்டுலயும் எதுக்கு வேலை வைக்கணும்னு நானே தைச்சேன்."

"எனக்கே காது குத்துறீங்களா? ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

ஊசியையும் வேறொரு சட்டையையும் நீட்டினாள். அவன் விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டு, பட்டனைத் தைத்துக் கொடுத்தான். அதே பெருக்கல் குறி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு பட்டன் அறுந்தது. அவனும் தைக்கவில்லை, அவளிடமும் கொடுக்கவில்லை. தையல்காரியின் புருஷன் இப்போது சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறான்.