ஐந்தாம் கட்டத்துப் பருந்து

போன் ஆட்டத்திலிருந்து இசையை எடுத்துவிடும்படி சென்னைக் கம்பெனியின் மெயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில், லாரிகளுக்கு எடை போடும் மேடையின் மாடியறையில் அதை முதலில் படித்தவன் சபரிநாதன். புரோகிராம் எழுதுகிறவன் அவன்தான். படித்து முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துகொண்டான். அந்த இடத்தில், ஆட்டத்துக்கு இசை போட்ட ஜுவைரியா உட்கார்ந்து படித்தாள்.

நான்கு வரிதான். மொத்த ஆட்டமும் அறுபத்து நான்கு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். மேலே போனால் பாதி போன்களில் ஏறாது. ஆட்டம் திறக்கும்போது வரும் கம்பெனியின் முகப்புப் படத்தைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். பழையது மூன்று கிலோபைட், புதியது ஒன்பது. எனவே இசையை நீக்கிவிடவும். போனில் யாரும் சத்தம் வைத்து ஆடுவதில்லை.

இசை ஆறு கிலோபைட். படம் பெருத்த அளவு அப்படியே அவள் பங்கு.

2005ஆம் ஆண்டு அது. கலர் திரை வைத்த போன்கள் கைக்குக் கை வந்துகொண்டிருந்தன. எடைமேடைக்குச் சொந்தக்காரரான ஆதிகேசவன், மாடியறை சும்மா கிடக்கிறதே என்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, கவரைப்பேட்டை சபரிநாதனை வேலைக்கு வைத்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு போன் ஆட்டங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தத்தைப் பிடித்திருந்தார். இசைக்கு ஆள் வேண்டும் என்று சபரி கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "போன்ல ஆடுற ஆட்டத்துக்கு கச்சேரி வெக்கப் போறியா நைனா?" என்று கேட்டார். ஆனாலும் ஜுவைரியாவைச் சேர்த்துக்கொண்டார். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் என்று தினமும் வந்துபோனாள். அண்ணன் நியாஸ் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கீபோர்டில் தானாகவே கற்றுக்கொண்டவள். வயது இருபத்தைந்து.

மதியம் ஆதிகேசவன் மாடி ஏறி வந்தார். மெயிலைப் பற்றி அவருக்கு போனிலேயே சொல்லியிருந்தார்கள்.

"எட்த்துடு நைனா. பாட்டு இல்லன்னா ஆட்டத்துல நண்டு நடக்காதா?" என்றார் சபரியிடம். பிறகு ஜுவைரியா பக்கம் திரும்பினார். "நீ இன்னாத்துக்கும்மா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? கீழ எடைச்சீட்டு டைப் அடிக்கிற மோசஸ் வேலைய வுட்டு நின்னுட்டான். அந்த சீட்ல நீ உக்காரு. ஃபேன் கூட இருக்குது."

"அடுத்த ஆட்டத்துக்கு மியூசிக் யார் போடுவா சார்?"

"இதுக்கே வாணான்றான். அடுத்ததுக்கு எவன் கேக்கப் போறான்?"

அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. இந்த ஆறு கிலோபைட்டோடு அவள் வேலையும் போகிறது.

"நான் சீட்டு டைப் அடிக்க வரல சார்."

"பின்ன இன்னா பண்ணுவ?"

"இத்த திரும்ப உள்ள வெக்க வெப்பேன்."

"வெய்யி, வெய்யி. அதுவரிக்கும் கீழ உக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் உட்காரவில்லை.

ஆட்டம் மிக எளியது. சேற்றில் நண்டு ஒன்று தானாகவே நடந்து போகும். மேலேயிருந்து பருந்து பாயும். ஐந்தாம் எண் பொத்தானை அழுத்தினால் நண்டு சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். பயந்துபோய் அழுத்திக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஏறி ஆட்டம் முடிந்துவிடும். மொத்தம் எட்டுக் கட்டங்கள்.

இசையை அவள் ஊரின் சேற்றுத் தரையிலிருந்து எடுத்திருந்தாள். ஏரியில் தண்ணீர் வடிந்த நேரத்தில் கரையோரம் போனால் நண்டு வளைகளிலிருந்து பொரிகிற மாதிரி ஒரு மெல்லிய ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். பருந்தை நாம் பார்ப்பதற்கு முன்பே அந்த ஓசை நின்றுவிடும். நின்றது என்று உணர்ந்து நிமிர்ந்து பார்த்தால்தான் பருந்து தெரியும். ஆகவே அவள் மெட்டுக்கு அடியில் மரத்துண்டைத் தட்டுவதுபோல ஒரு டொக் டொக்கை ஓடவிட்டாள். சின்ன போனின் ஸ்பீக்கரில் கனமான ஒலி எதுவும் எடுபடாது என்பதால் நான்கு நாள் முயன்று தேர்ந்தெடுத்த ஒலி அது. மூன்று இசைத்துண்டுகள், ஒவ்வொன்றும் வேறு நீளம். எது எப்போது வரும் என்பதை ஆட்டம் குலுக்கிப் போட்டு எடுக்கும். எது வந்தாலும் அதன் கடைசியில் டொக் டொக் நின்றுவிடும். மெட்டு மட்டும் தொடரும். நின்ற ஒன்றரை நொடியில் பருந்து இறங்கும்.

இதையெல்லாம் அவள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. சபரிக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து செய்ததுதானே. இருவரும் மூன்று மாதம் அதைச் சத்தத்தோடு ஆடிப் பார்த்தார்கள். ஆட ஆடக் கை பழகியது. சுலபமாக இருக்கிறது என்று பருந்தின் வேகத்தை ஏற்றினார்கள். மறுபடியும் சுலபமானது, மறுபடியும் ஏற்றினார்கள். சத்தம் இல்லாமல் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

புதன்கிழமை சபரி மூன்று இசைக் கோப்புகளையும் நீக்கினான். புது முகப்பை ஏற்றினான். சரியாக அறுபத்து நான்கு. அனுப்பிவிட்டான். அனுப்பும்போது அவள் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது.

திங்கட்கிழமை அடுத்த மெயில் வந்தது. சென்னையில் ஆட்டத்தைச் சோதிக்கிறவர்கள் நான்கு பேர். நான்கு பேரில் ஒருவராலும் ஐந்தாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. 'புரோகிராமில் பிழை இருக்கிறது. பருந்து சொல்லாமல் வருகிறது. உடனே சரிசெய்யவும்.'

ஜுவைரியா அதை உரக்கப் படித்தாள். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

"சொல்லாம வருதாம் சபரி! சொல்லிக்கினு இருந்தவ வாயத்தான் பொத்திட்டாங்களே."

சபரி சிரிக்கவில்லை. போனை எடுத்து சத்தமில்லாத ஆட்டத்தை ஆடினான். முதல் நான்கு கட்டங்களில் பருந்து மெதுவாக வரும். கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடலாம். ஐந்தில் செத்தான். மறுபடி செத்தான். பதினோரு முறை செத்தான். ஆட்டத்தை எழுதியவன் அவன்.

"நம்மளே மாட்டிக்கினோம் பாரு" என்றான். "காதால ஆடுற ஆட்டத்த செஞ்சி வெச்சிருக்கோம். நமக்கே தெரியல."

ஆதிகேசவனிடம் விளக்கினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் பருந்த கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு நைனா. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். மாற்ற வேண்டியது ஓர் எண். அவர் போன பிறகு சபரி அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாத்தாத" என்றாள் ஜுவைரியா.

"பேஜாரு பண்ணாத. என் வேல போயிடும்."

"என்து போயிடுச்சி. நீ அத்த மாத்திட்டன்னா திரும்ப வரவே வராது. மியூசிக் இல்லாமயே நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிடுவாங்க."

"சும்மா பாக்குறேன், இரு."

எண்ணைக் குறைத்தான். பருந்து சாவகாசமாக வந்தது. அவன் ஒரு கையால் டீயைக் குடித்தபடி எட்டுக் கட்டத்தையும் முடித்தான். முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"பருந்தா இது? பஞ்சாயத்துக்கு வர்ற பெரிய மனுஷன் மாதிரி வருது" என்று சொல்லி எண்ணைப் பழையபடியே வைத்தான். பிறகு அவளுக்காக ஒரு வரி மெயில் எழுதினான்: 'பிழை இல்லை. நேரில் வந்தால் காட்டுகிறோம்.'

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து துளசிராமன் வந்தார். ஆட்டங்களை வாங்கும் பொறுப்பில் இருப்பவர். வெயிலில் காரை நிறுத்திவிட்டு, லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி வந்து மாடி ஏறியதிலேயே அவருக்கு எரிச்சல்.

"மெயில்ல சொல்ல வேண்டியதுக்கு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வரணுமா?"

"மெயில்ல சத்தம் கேக்காது சார்" என்றாள் ஜுவைரியா.

ஆதிகேசவன் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவள் இசை இருக்கும் பழைய ஆட்டத்தை போனில் போட்டாள். ஐந்தாம் கட்டத்தைத் திறந்தாள். போனைத் தலைகீழாகாமல் திருப்பி, திரை துளசிராமனைப் பார்க்கும்படி நீட்டிப் பிடித்தாள். அவளுக்கு போனின் முதுகுதான் தெரிந்தது. முன்பக்கம் வளைத்த விரல் ஐந்தாம் பொத்தானைத் தேடியது. அதன் மேல் சின்னதாக ஒரு புள்ளி மேடிட்டிருக்கும், தடவினாலே தெரிந்துவிடும்.

"நீங்க பாருங்க. நான் பாக்கல."

ஆட்டம் தொடங்கியது. டொக் டொக் ஓடியது, நின்றது, அவள் அழுத்தினாள். துளசிராமனின் புருவம் உயர்ந்தது. மறுபடி நின்றது, அழுத்தினாள். மூன்றாவது முறை கீழே எடைமேடைக்கு வந்த லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அவள் விரல் அசையவில்லை.

"செத்துப்போச்சு" என்றார் துளசிராமன்.

"ஹாரன் அடிச்சான். கேக்கல."

"இதத்தாம்மா நானும் சொல்றேன். ஆடுறவன் பஸ்ல இருப்பான், ரயில்ல இருப்பான்."

"ரயில்ல நான் தினம் ஆடுறேன் சார். இது ரயில்ல கேக்குறதுக்குன்னே செஞ்சது. காதுகிட்ட லாரிய கொண்டாந்து நிறுத்துனா கச்சேரிகூடத்தான் கேக்காது. திரும்ப ஆடறேன்."

யாரும் எதிர்பாராதது அப்போது நடந்தது. ஆதிகேசவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"டேய்! ரெண்டு நிமிசம் எவனாச்சும் ஹாரன் அடிச்சீங்க, எட போட மாட்டேன்! ஊட்டுக்குத்தான் ஓட்டிக்கினு போவணும்!"

கீழே இன்ஜின்கள்கூட அடங்கின. ஜுவைரியா ஆடினாள். இம்முறை அவள் கண்களையும் மூடிக்கொண்டாள். டொக் டொக் எத்தனை முறை நின்றது என்று சபரி மட்டும் எண்ணினான். பதினாலு. பதினாலு முறையும் நண்டு புதைந்தது. பதினாலு முறையும் பருந்து வெறும் சேற்றைக் கொத்திவிட்டுப் போனது. கட்டம் முடிந்த ஓசை வந்ததும் போனைத் திருப்பி துளசிராமன் கையில் கொடுத்தாள்.

அவர் ஆடினார். இரண்டு முறை செத்தார். மூன்றாம் முறை திரையை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆடித் தாண்டினார். தாண்டியதும் அவர் முகத்தில் எட்டிப் பார்த்த சிரிப்பைச் சட்டென்று அடக்கிக்கொண்டார்.

"சரி. நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா எடம்? எத எடுக்கறது?"

"புது முகப்ப எடுங்க. பழைய படம் போதும்."

"விளையாடறியா? எங்க எம்.டி. ஆசப்பட்டு வரைய வெச்ச படம் அது."

"நானும் ஆசப்பட்டுதான் சார் செஞ்சேன்."

"கம்பெனி பேரு பளிச்சுன்னு தெரியணும்மா."

"அஞ்சாங் கட்டத்துல செத்துக்கினே இருக்கறவன் அந்தப் பேர நல்லாத்தான் ஞாபகம் வெச்சிப்பான்."

ஆதிகேசவன் இருமினார். துளசிராமன் இசை உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை ஆட்டங்களையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். படியிறங்கும்போதும் அந்த போனிலிருந்து டொக் டொக் கேட்டது.

ஒன்பது நாள் ஒரு பதிலும் வரவில்லை. ஆதிகேசவன் மூன்று முறை கீழிருந்து குரல் கொடுத்தார், எடைச்சீட்டு நாற்காலி காலியாக இருப்பதாக. ஜுவைரியா மூன்று முறையும் மாடியிலிருந்தே, "வேல இருக்குது சார்" என்றாள். இல்லாத ஆட்டத்துக்கு, எவரும் கேட்காத இசையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் முறை அவர் கூப்பிடவில்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

பத்தாம் நாள் மெயில் வந்தது. 'பழைய முகப்பே இருக்கட்டும். இசையுடன் அனுப்பவும்.' எம்.டி. ஐந்தாம் கட்டத்தைத் தாண்டினாரா இல்லையா என்பது அதில் இல்லை.

அவள் ஒன்று கேட்டு எழுதினாள். ஆட்டம் தொடங்கும் திரையில் 'சத்தம் வைத்து ஆடவும்' என்று ஒரு வரி போட வேண்டும். முடியாது என்று பதில் வந்தது. வாங்குகிறவனுக்கு உத்தரவு போடுவது போல இருக்கிறதாம்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலை, வழக்கம்போல அவள் பொன்னேரியில் ஏறிய ரயிலில் பெண்கள் பெட்டியில் கூட்டம். பக்கத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பெண் ஒருத்தி போனில் குனிந்திருந்தாள். அட்டையில் அஸ்வினி என்று போட்டிருந்தது. திரையில் நண்டு போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லை. பருந்து பாய்ந்தது. "ச்சே" என்றாள் அவள். மறுபடி ஆடினாள். மறுபடி "ச்சே".

"அஞ்சாங் கட்டமா?" என்று கேட்டாள் ஜுவைரியா.

"ஆமாக்கா. ரெண்டு வாரமா சாவடிக்குது. எப்டி வருதுன்னே தெரியல."

"சவுண்டு வெச்சி ஆடும்மா."

"ஐய, எல்லாரும் திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும்."

அஸ்வினி தயங்கினாள். ஜுவைரியாவே கையை நீட்டிச் சத்தத்தைக் கடைசி அளவு வரை ஏற்றினாள். ரயிலின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு டொக் டொக் கிளம்பியது. நாலைந்து தலைகள் திரும்பின. எதிரே காலடியில் மீன்கூடையை வைத்திருந்த அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"காலங்காத்தால இன்னாமே அது, டொக்கு டொக்குனு? அத்த நிறுத்துமே."

"பருந்து வந்தா தானா நிக்கும்" என்றாள் ஜுவைரியா.