பெட்ரின்யாவின் ஆறு

ஆவடியை ஒட்டிய சேக்காட்டைத் தாண்டி அதிகம் போகாத ஞானகுமாரிக்கு, குரோஷியாவில் இருக்கும் பெட்ரின்யா என்ற சின்ன ஊரின் கதை முழுக்கத் தெரியும். பூகம்பத்தில் இடிந்த வீடுகளைக் கட்டும் வேலைக்கு அங்கே போன மகன் ஜெர்வின், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிட்டுச் சொல்வான்.

“துருக்கிக்காரன் கோட்டை கட்டுன ஊரும்மா. தொண்ணூத்தொண்ணாம் வருஷம் சண்டையில எரிஞ்சு போச்சு. மறுபடி கட்டுனாங்க, ரெண்டாயிரத்திருபதுல பூமி ஆடி உழுந்துச்சு. பாதிப் பேரு போய்ட்டாங்க. மீதிப் பேரு பார்க்குல குந்திகினு காபி குடிச்சு சிரிச்சுகினு கீறாங்க.”

தனியாக வாழ்ந்த மரியா என்ற கிழவியின் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். மார்ச்சில் கூபா ஆறு கரைபுரண்டு ஓடியபோது மீன் பிடிக்கப் போனவன், சேற்றில் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். உடன் தங்கியிருந்த ஃபெலிக்ஸ்தான் தகவல் சொன்னான்.

உடல் கிடைக்கவில்லை. மரியா தினமும் காலையில் கரையோரம் தேடி நடந்தாள். ஃபெலிக்ஸ் அதை வீடியோவில் காட்டுவான். ஞானகுமாரி அந்தச் செம்மண் நிறத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் கேட்டாள். “அந்தம்மா ஏன்பா இப்டி நடக்குது?”

“அவங்க புள்ள இவானை சண்டையில புடிச்சிகினு போய்ட்டாங்க ஆண்ட்டி. முப்பத்திநாலு வருஷமாச்சு. எலும்புகூட கிடைக்கல.”

அதுவரை மகனின் உயிருக்காக ஜெபித்தவள், அன்று முதல்முறையாக அவன் உடலுக்காக மண்டியிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் உடல் கிடைத்தது. மரியா போனில் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். ஃபெலிக்ஸ் தயங்கினான்.

“சொல்லுப்பா.”

“நீங்க குடுத்து வெச்சவங்களாம் ஆண்ட்டி.”

ஞானகுமாரிக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தை உண்மை என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். முகம் பார்க்காமலே ஆவடிக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். மரியாவும் பார்க்கட்டும் என்று ஞானகுமாரி ஒரு கையில் போனைப் பிடித்திருந்தாள். ஒரு பிடி மண் போட்டாள். மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, கணவர் ஜெயபால் கையைப் பிடித்தார்.

“உடுய்யா,” என்றாள். “இது இவானுக்கு.”

அவள் பேசியதில் அந்த ஒரு பெயர்தான் மரியாவுக்குப் புரிந்தது. போனுக்குள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.